வெள்ளிக்கிழமைக் குளிசை

வெளிநாடு போகிறவர்கள் திரும்பும்போது சென்ட்டு, டார்ச் விளக்கு, நைலக்ஸ் சேலை என்று ஏதாவது கொண்டுவருவார்கள். நான் கொண்டுவரப் போனது என் அக்காவை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வேதாரண்யத்திலிருந்து வல்வெட்டித்துறைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, ஐந்தே வரி. "அத்தானுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள். மாசக் கடைசித் திங்கட்கிழமை கொழும்புக்குக் கொண்டுபோய் மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட முடிவாகிவிட்டது. சேர்த்தால் திரும்பி வருவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. என்னையும் ஊருக்குப் போகச் சொல்கிறார்கள். நீ வா."

நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டேன். தலைமையாசிரியர் எதற்கு என்று கேட்டார். "சண்டை போட" என்றேன். என்னை அவருக்குப் பதினெட்டு வருஷமாகத் தெரியும். மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

கப்பலில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை, போடப் போகிற சண்டைக்கு வசனம் யோசித்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை ரயில் ஏறினேன். அங்கே ரயிலுக்குக் கோச்சி என்று பெயர். நடுக்காட்டில் அது நின்றுவிட்டது. சிங்களக் கார்டு ஒருவர் பெட்டி பெட்டியாக எதையோ சொல்லிக்கொண்டே போனார். எதிரே இருந்த சுருட்டு வியாபாரி எனக்குத் தமிழில் சொன்னார். "தண்டவாளத்திலை மாடு படுத்திருக்காம். அடிச்சு எழுப்பினால் பாவமாம். அது தானா எழும்பினாப் பிறகு போவமாம்." அது தானாக எழும்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று. நம் ஊரில் என்றால் அதற்குள் மாட்டுக்காரன், டிரைவர், போலீஸ் என்று மூன்று சண்டை நடந்திருக்கும்.

அது அந்த நாட்டில் சீனி கிடைக்காத காலம். ஸ்டேஷன் கடையில் பால் இல்லாத தேநீரைக் கொடுத்து, உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டியை வைத்தார்கள். நம்முடைய பனைவெல்லம்தான். அதைக் கடித்துக்கொண்டு தேநீரை உறிஞ்ச வேண்டும். இது என்ன கூத்து என்று முகத்தைச் சுளித்தபடி குடித்தேன். பிடித்துப்போய் இன்னொன்று கேட்டேன்.

புதன்கிழமை காலையில் வல்வெட்டித்துறையில் அக்கா வீட்டு வாசலில் நின்றேன். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. அழுவதற்கா கடல் தாண்டி வந்தேன்?

அத்தான் சிவபாதம் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்தன்று ஒற்றைக் கையால் என் சித்தப்பாவைத் தூக்கிக் காட்டிய மனிதர். இப்போது சட்டைக்குள் ஆளே இல்லை. என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றார். "வா பிள்ளை. வேதாரணியத்துக் கரையிலை ஏதும் வள்ளம் ஒதுங்கினதோ?" என்றார். அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. இல்லை அத்தான் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடி கடலைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய தம்பி நடராசா வள்ளத்தோடு கடலில் காணாமல் போனது எனக்குத் தெரியும். உடல் கிடைக்கவில்லை. கிரியை எதுவும் செய்யவில்லை. அன்றிலிருந்து அத்தான் கடலுக்குப் போவதில்லை, சரியாகத் தூங்குவதுமில்லை என்று அக்கா எழுதியிருந்தாள். போன வருஷம் அவருக்குச் சலரோகம், அதாவது சர்க்கரை வியாதி, இருப்பது தெரிந்தது. அதன் பிறகுதான் ஆள் தெரியாமல் கத்துவதும் அடிப்பதும் ஆரம்பித்தது என்றாள்.

மத்தியானம் புட்டும் மீன் குழம்பும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்தாள். புட்டுக்குச் சர்க்கரை போட்டே சாப்பிட்டுப் பழகியவள் நான். மீனோடு புட்டு என்றதும் திடுக்கிட்டேன். இரண்டாம் கவளத்தில் திடுக்கிடல் போய்விட்டது. சாப்பிட்டுக் கை கழுவும்போது பெரியவர் வந்தார். அத்தானின் மூத்த அண்ணன் கந்தசாமி. வெள்ளை வேட்டி, மடித்த சால்வை, அந்தக் குடும்பத்தின் கடைசிச் சொல்.

"கதைச்சு முடிச்ச விஷயம் பிள்ளை. திங்கக்கிழமைக் கோச்சி. நீ அக்காவைக் கூட்டிக்கொண்டு போ. அவள் ஏன் இஞ்சை கிடந்து அடி வாங்க வேணும்?" என்றார்.

"பருத்தித்துறை ஆஸ்பத்திரியில வியாழக்கிழமை வியாழக்கிழமை ஒரு மனநல டாக்டர் பார்க்கிறாராமே. அவர்கிட்ட காட்டினீங்களா?"

"விசர் டொக்டரிட்டையோ? பக்கத்து ஊரிலையோ? சனம் என்ன சொல்லும்?"

கொழும்பு என்றால் சனத்துக்குத் தெரியாதாம். எனக்கு வந்ததே ஆத்திரம்! "ஊருக்குத் தெரியாம இருக்கணும்னு மனுஷனைத் தொலைச்சுட்டு வர்றதா? நாளைக்கு வியாழக்கிழமை. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அந்த ஊரில் பேசுவது என்றால் திட்டுவது என்று அர்த்தம், மற்றதெல்லாம் கதைப்பது. நான் அன்று செய்தது பேச்சுத்தான்.

வியாழக்கிழமை வாடகைக் கார் பிடித்தோம். என் பக்கத்துக் கதவு கயிற்றால் கட்டியிருந்தது. "அக்கா, கதவை ஒருக்கால் பிடிச்சுக்கொண்டிருங்கோ. பழகின ஆக்களோடை அது ஒண்டும் செய்யாது" என்றார் டிரைவர் என்னிடம். நான் பழகாத ஆள் என்பது முதல் வளைவிலேயே அதற்குத் தெரிந்துவிட்டது. கதவு கழன்று பனைவடலிக்குள் போய் விழுந்தது. டிரைவர் இறங்கிப் போய் எடுத்துவந்து என் மடியில் வைத்தார். காரின் கதவை மடியில் வைத்துக்கொண்டு பருத்தித்துறைக்குள் நுழைந்த ஒரே வேதாரண்யத்துக்காரி நானாகத்தான் இருப்பேன். அத்தான் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. இந்த ஆளையா பைத்தியம் என்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் குள்ளமான மனிதர். சட்டைப் பையில் மை கசிந்திருந்தது. மனசைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தால், அத்தானின் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைத் தட்டிப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். குனிந்து உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டு விரல் விரலாகப் பார்த்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"டாக்டர், இவருக்கு மனசுலதான் கோளாறு. காலு நல்லாத்தான் இருக்கு."

"மனம் எங்கை இருக்குது எண்டு உங்களுக்குத் தெரியுமோ ரீச்சர்? எனக்குத் தெரியாது. அதுதான் எல்லா இடமும் தேடுறன்" என்றார், தலையைத் தூக்காமலே.

நான் டீச்சர் என்பதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று யோசித்தேன். பிறகு அக்காவிடம் கேட்டார். "ஆள் எப்ப எப்ப மாறுறவர்?"

"வெள்ளிக்கிழமை பின்னேரத்திலை ஐயா. வேர்த்துக் கொட்டும். கை நடுங்கும். கண் ஒரு மாதிரிப் போகும். பேந்து ஆரையும் தெரியாது. தம்பியைக் கூப்பிட்டுக் கத்துவார், அடிக்க வருவார். முருகன்ரை நாளிலை வாறபடியால் ஏதோ தெய்வக் குற்றம் எண்டு சனம் சொல்லுது."

"வெள்ளிக்கிழமையிலை என்ன சாப்பிடுறவர்?"

"ஒண்டுமில்லை ஐயா. விரதம். தம்பி திரும்பி வரும்வரைக்கும் வெள்ளி வெள்ளி பச்சைத் தண்ணி மட்டும்."

"சலரோகக் குளிசை?" குளிசை என்றால் மாத்திரை.

"அதை ஒருநாளும் தவறவிடமாட்டார்" என்றாள் அக்கா, பெருமையாக. "மருந்து விரதத்தை முறிக்காதுதானே ஐயா."

டாக்டர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, அந்தக் குளிசை இரத்தத்திலை இருக்கிற சீனியை இறக்கும். சாப்பிட்ட ஆளுக்கு அது மருந்து. பட்டினி கிடக்கிற ஆளுக்கு நஞ்சு. மூளைக்குச் சீனி போகாட்டில் எந்தப் பெரிய மனிசனும் இப்பிடித்தான் ஆடுவான். நானும் ஆடுவன். கொக்காவின்ரை மனிசனும் ஆடுவார், ரீச்சர்." கொக்கா என்றால் உன் அக்கா, மனிசன் என்றால் புருஷன் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"அப்ப பைத்தியம் இல்லையா!" என்று கத்தியேவிட்டேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அவசரப்படாதேங்கோ. வெள்ளிக்கிழமைப் பின்னேரத்துக்குச் சீனி பதில் சொல்லும். மற்ற ஆறு நாளும் நித்திரை இல்லாமல் கடலைப் பாத்துக்கொண்டிருக்கிறதுக்கு ஆர் பதில் சொல்லுறது? ரெண்டும் ஒரே ஆளுக்குத்தானே வந்திருக்கு. ஒண்டை விட்டிட்டு மற்றதை மட்டும் பாத்தால் ரெண்டும் பிழையாப் போகும்."

விரத நாளில் குளிசை போடக் கூடாது என்று அத்தானிடம் நேராகச் சொன்னார். அத்தான் தலையாட்டினார். பஸ் கண்டக்டர் சொல்வதற்குத் தலையாட்டுவது போலத்தான் இருந்தது. வெளியே வரும்போது டாக்டர் என்னை நிறுத்தினார். "மடியிலை பனங்கட்டி வைச்சிருங்கோ. வேர்த்து, ஆள் மாறத் துவங்கினால், முழுங்கக்கூடிய நிலையிலை இருந்தால் உடனை வாய்க்குள்ளை வையுங்கோ. ஆரையும் கேக்காதேங்கோ."

அன்றே அக்கா குளிசைப் போத்தலை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்தாள்.

வெள்ளிக்கிழமை தொண்டைமானாற்றுக்குப் போனோம். அத்தான் வாரம் தவறாமல் போகிற செல்வச்சந்நிதி முருகன் கோயில். பெரியவரும் வந்தார், என்ன நடக்கிறது என்று பார்க்க. நல்ல கூட்டம். அந்தக் கோயிலில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்கிறார். மந்திரச் சத்தமே இல்லை. எங்கள் ஊர்க் கோயிலில் குருக்கள் போடும் சத்தத்தில் சாமியே காதைப் பொத்திக்கொள்ளும். இங்கே அந்த அமைதியில் எனக்கும் கும்பிட வந்தது.

பின்னேரம் நாலு மணி இருக்கும். பக்கத்தில் நின்ற அத்தானின் முதுகுச் சால்வை நனைந்திருந்தது. கை நடுங்கியது. "அத்தான்" என்றேன். என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் நான் இல்லை. "நடராசா! வள்ளத்தைத் திருப்படா!" என்று கத்தினார். குளிசைதான் இல்லையே, எப்படி என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா அவருடைய மடியைத் தடவினாள். வேட்டி முடிச்சில் ஒரு சின்னப் போத்தல். கடையில் இன்னொன்று வாங்கி வைத்திருந்திருக்கிறார்.

"முருகன் வந்திட்டான்!" என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் விலகி வட்டமாக நின்றது. ஒரு அம்மா கற்பூரம் கொளுத்தினாள். நான் முந்தானை முடிச்சைப் பிரித்துப் பனங்கட்டியை எடுத்தேன். பெரியவர் என் கையைப் பிடித்தார்.

"என்ன செய்யிறாய்? ரெண்டு வருஷத்து விரதம்! சந்நிதியிலை வைச்சு முறிக்கப் போறியோ?"

"முறிஞ்சா முறியட்டும்! ஆள் முறியக் கூடாது!"

பூசகர் வந்து நின்றார். வாய் கட்டியிருந்ததால் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அத்தானைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டினார். கொடு என்று. பெரியவரின் பிடி தளர்ந்தது. நான் பனங்கட்டியைக் கடித்து உடைத்து அத்தானின் வாய்க்குள் திணித்தேன். அவர் என் கன்னத்தில் ஒன்று விட்டார். பரவாயில்லை என்று இன்னொரு துண்டும் திணித்தேன். அக்கா தண்ணீரில் பனங்கட்டியைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினாள்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். நடுக்கம் நின்றது. "மங்கை, ஏன் இவ்வளவு சனம்?" என்று அக்காவைக் கேட்டார். பெரியவர் வாய் திறந்தபடி நின்றார். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அத்தான் நாக்கால் பல்லைத் தடவினார். இனிப்புத் தெரிந்துவிட்டது.

"ஆர் தந்தது?"

"நான்தான் அத்தான்."

"என்ரை விரதத்தை முறிச்சிட்டாய். இனி அவன் எப்பிடி வருவான்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். "உன்ரை முகத்திலை இனி முழிக்கமாட்டன்."

குளிசையை ஏன் ஒளித்துப் போட்டீர்கள் என்று அக்கா கேட்டாள். "மருந்தை விட்டால் செத்துப்போவாய் எண்டு மருந்து தந்த டொக்டர் சொன்னவர். தம்பி வரேக்கை நான் உயிரோடை இருக்க வேண்டாமோ?" என்றார். தம்பிக்காகப் பட்டினி, தம்பிக்காகவே குளிசை. அடி விழுந்த கன்னத்தைவிட அதுதான் எனக்கு வலித்தது.

சனிக்கிழமை விடிந்ததும் அவர் எதுவும் சாப்பிட மறுத்துவிட்டார். முறிந்த விரதத்துக்குப் பரிகாரமாக, தம்பி வரும்வரை இனி எல்லா நாளும் பட்டினியாம். பெரியவர் வந்து பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "பனங்கட்டி சீனிக்குச் சரி. விசருக்கு என்ன செய்யப் போறாய்? நாளையண்டைக்குத் திங்கக்கிழமை, கோச்சி." எனக்கும் சோறு இறங்கவில்லை. பஸ் ஏறினேன். இடுப்பளவு மீன்கூடைகளுக்கு நடுவே நின்றபடி பருத்தித்துறை போய், விசாரித்து விசாரித்து டாக்டரின் வீட்டைக் கண்டுபிடித்தேன். கைலியைக் கட்டிக்கொண்டு சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

நடந்ததைச் சொன்னேன். "நான்தான் கெடுத்துட்டேன்" என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

"கெடுக்கேல்லை. ஆளைக் காப்பாத்திப்போட்டியள். மிச்சம் என்ரை வேலை. நாளைக்கு வாறன். அண்ணையையும் இருக்கச் சொல்லுங்கோ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அந்த சைக்கிளிலேயே வந்தார். அத்தனை தூரம் வெயிலில் மிதித்து வந்தவர் தண்ணீர் கூடக் கேட்கவில்லை. முதலில் அத்தானின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக அவர் பார்க்கிற கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் கதவோரம் நின்றார்.

"அண்டைக்குக் கடலுக்குப் போக இருந்தது ஆர்?" என்றார் டாக்டர்.

அத்தான் கடலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"நான்தான். எனக்குக் காய்ச்சல். 'நீ படு அண்ணை, நான் போட்டு வாறன்' எண்டு போனவன்."

காய்ச்சலில் கிடந்தது தெரியும், அன்று போக வேண்டியவர் இவர் என்பது பதினைந்து வருஷம் கூட வாழ்ந்த அக்காவுக்கே தெரியாது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வருவானோ?" என்றார் டாக்டர்.

அத்தான் கதவுப் பக்கம் திரும்பினார். "அண்ணை, நீ சொல்லு. நீதானே எப்பவும் சொல்லுறனி."

உண்மைதான். இரண்டு வருஷமாக அத்தான் கேட்கும்போதெல்லாம் "வருவான்டா, வருவான்" என்று பெரியவர் சொல்லி வந்திருக்கிறார். ஆறுதலுக்குச் சொன்னது. வீட்டில் எல்லோரும் அதையே சொன்னார்கள். டாக்டர் பெரியவரைப் பார்த்தார். அவசரப்படுத்தவில்லை.

பெரியவர் தோளிலிருந்த சால்வையை எடுத்தார். வந்து தம்பியின் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"வரமாட்டான்டா. எனக்கு அண்டைக்கே தெரியும். உனக்குச் சொல்லப் பயந்துபோனன்."

அத்தான் அழுதார். தம்பி போனதிலிருந்து அவர் அழுததே இல்லை என்று அக்கா பிறகு சொன்னாள். பெரியவரும் அழுதார். அந்த இரண்டு பெரிய ஆண்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுத சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலியருகே வந்து நின்றார்கள். பெரியவர் அவர்களைப் போகச் சொல்லவில்லை. டாக்டர் எழுந்து போய், கிணற்றடியில் தண்ணீர் குடித்துவிட்டு, ஒரு தாளில் எழுதத் தொடங்கினார். இன்றைக்குக் குளிசை வேண்டாம். நாளையிலிருந்து குறைந்த அளவு, சோற்றோடு மட்டும். தூக்கத்துக்கு ஒரு மருந்து. வெள்ளிக்கிழமை விரதம் பிடிப்பதென்றால் ஒரு நேரமாவது சாப்பிட வேண்டும். வியாழக்கிழமை தோறும் அண்ணனும் தம்பியும் சேர்ந்து வரவேண்டும். சேர்ந்து என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

திங்கட்கிழமைக் கோச்சியில் அந்த வீட்டிலிருந்து யாரும் ஏறவில்லை. அடுத்த வாரம் நான் வேதாரண்யத்துக்குத் தனியாகத்தான் திரும்பினேன். அக்கா வருகிறேன் என்று சொல்லவுமில்லை, நான் கூப்பிடவுமில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு எழுத என்னிடம் வேறொன்றும் இல்லை.

அன்று அழுது ஓய்ந்து வெகு நேரம் கழித்து அத்தான், "மங்கை, பசிக்குது" என்றார்.

அக்கா சமையலறைக்கு ஓடினாள். "கஞ்சியிலை துவங்குங்கோ, பேந்து சோறு. கெதியா வேண்டாம்" என்று டாக்டர் சத்தம் போட்டார். கஞ்சி வந்தது, கொஞ்சம் கழித்துச் சோறும் மீனும் வந்தன. பெரியவர் ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம், நடுவில் அத்தான். அவர் கண்ணில் படக் கூடாதென்று நான் சமையலறை வாசலில் ஒதுங்கி நின்றேன். முகத்தில் முழிக்கமாட்டேன் என்று சொன்ன மனிதர் நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

இரண்டு கவளம் தின்றவர் கையை நிறுத்தினார். தலையைத் தூக்கி என்னை நேராகப் பார்த்தார்.

"பிள்ளை, நீயும் நேற்றிலையிருந்து ஒண்டும் சாப்பிடேல்லையெண்டு கொக்கா சொன்னவள். வந்து இரு" என்று சொல்லி, தம் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்து எனக்காக ஓரத்தில் வைத்தார்.